வேர்ல்ட் சீரிஸை முன்கூட்டிக் கணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் இறுதித் தொடர் நெருங்கும்போது, எந்த அணி வெல்லும், எத்தனை ஆட்டங்களில் வெல்லும் என்ற கணிப்புகள் பெருகிவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை யார் பெரிய நட்சத்திரம் என்பதிலேயே நின்றுவிடுகின்றன. எதைப் பார்க்க வேண்டும், எதற்கு அதிக மதிப்பு தரக்கூடாது, எவ்வளவு உறுதியோடு பேசலாம் என்பவற்றைக் கடந்த தொடர்களை முன்வைத்து இங்கே விளக்குகிறேன்.

வேர்ல்ட் சீரிஸ் எப்படி நடக்கிறது?

அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் ஆகிய இரண்டின் சாம்பியன்களும் மோதுகின்றன. முதலில் 4 ஆட்டங்களை வெல்லும் அணிக்குக் கோப்பை. முதல் இரண்டு ஆட்டங்கள் ஓர் அணியின் மைதானத்திலும், அடுத்த மூன்று மற்ற அணியின் மைதானத்திலும், தேவைப்பட்டால் கடைசி இரண்டு மீண்டும் முதல் அணியின் மைதானத்திலும் நடக்கும். இரண்டாவது ஆட்டத்துக்குப் பின்னும் ஐந்தாவது ஆட்டத்துக்குப் பின்னும் ஒவ்வொரு நாள் ஓய்வு உண்டு. 2017 முதல், சீசனில் அதிக வெற்றி பெற்ற அணிக்கே முதல் இரண்டு ஆட்டங்களை நடத்தும் வாய்ப்பு தரப்படுகிறது. 1903இல் தொடங்கிய இந்தத் தொடர் 1904இலும், வீரர்களின் வேலைநிறுத்தத்தால் 1994இலும் மட்டுமே நடக்கவில்லை.

சீசனில் அதிக வெற்றி பெற்ற அணியே வெல்லும் என்று சொல்லிவிடலாமா?

முடியாது. 1906இல் சிகாகோ கப்ஸ் 116 வெற்றி, 36 தோல்வி என்ற அசாத்தியக் கணக்கோடு வந்து, அதே நகரத்தின் ஒயிட் சாக்ஸிடம் 4-2 என்று தோற்றது. 1954இல் 111 வெற்றி பெற்ற கிளீவ்லாந்து அணியால் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக ஓர் ஆட்டம்கூட வெல்ல முடியவில்லை. 2001இல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டங்களை வென்றும் வேர்ல்ட் சீரிஸுக்கு வரவே இல்லை. அமெரிக்கன் லீக் இறுதியில் நியூயார்க் யாங்கீஸ் அதை 4-1 என்று வெளியேற்றியது. மறுபக்கம், 2006இல் வெறும் 83 வெற்றிகளோடு பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழைந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கோப்பையைத் தூக்கியது. 2023இல் 100 அல்லது அதற்கு மேல் வென்ற பிரேவ்ஸ், ஓரியோல்ஸ், டாட்ஜர்ஸ் ஆகிய மூன்றும் தங்கள் முதல் பிளே ஆஃப் தொடரிலேயே வீழ, 90 வெற்றி பெற்ற டெக்சாஸ் ரேஞ்சர்ஸும் 84 வெற்றி பெற்ற அரிசோனா டைமண்ட்பேக்ஸும் இறுதியில் மோதின.

சீசன் கணக்கு பொய் சொல்வதாக இதற்குப் பொருள் இல்லை. 162 ஆட்டங்களில் ஐந்து தொடக்கப் பந்துவீச்சாளர்கள் மாறி மாறி வீசுகிறார்கள். காயமடைந்தவர்கள் திரும்பி வருகிறார்கள். பலவீனமான அணிகளுக்கு எதிராகவும் வெற்றிகள் சேர்கின்றன. அக்டோபர் இறுதியில் களமிறங்கும் அணி, ஏப்ரலில் ஆடிய அணியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏழு ஆட்டங்கள் இருக்கின்றனவே, சிறந்த அணி எது என்று அதில் தெரிந்துவிடாதா?

கணக்கு போட்டுப் பார்த்தால் விடை தெளிவாகும். ஓர் அணிக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு 55 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இறுதிக்கு வரும் இரண்டு நல்ல அணிகளுக்கிடையே இது கணிசமான சாதகம்தான். அப்படியிருந்தும் தொடரை வெல்லும் வாய்ப்பு சுமார் 61 சதவீதம் மட்டுமே. அதாவது, இதே நிலையில் பத்துத் தொடர்கள் நடந்தால் அவற்றில் ஏறக்குறைய நான்கை மேலான அணி இழக்கும். ஆட்டத்துக்கு 60 சதவீதம் என்று உயர்த்தினாலும் தொடர் வாய்ப்பு 71 சதவீதத்தைத்தான் தொடும். இறுதித் தொடரில் ஓர் அணி நிச்சயம் வெல்லும் என்று 90 சதவீத உறுதியோடு எழுதுபவர், தன் விருப்பத்தையே கணிப்பாக எழுதுகிறார் என்பது என் கருத்து.

"ஆறு ஆட்டங்களில் வெல்லும்" என்று ஏன் இத்தனை பேர் எழுதுகிறார்கள்?

அதற்குக் கணக்கில் இடம் இருக்கிறது. மேற்சொன்ன 55 சதவீத அணியை எடுத்துக்கொண்டால், அது ஆறாவது ஆட்டத்தில் தொடரை முடிக்கும் வாய்ப்பு மற்ற எல்லா முடிவுகளையும்விடச் சற்று அதிகம். ஆனால் அந்த வாய்ப்பே 19 சதவீதத்துக்கும் குறைவு. ஐந்தில் முடிப்பதும் ஏழில் முடிப்பதும் தலா 16, 17 சதவீதத்தை ஒட்டி இருக்கின்றன. ஆகவே ஆட்ட எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னவரைப் பாராட்டலாம், ஆனால் அதை வைத்து அவர் திறமையை எடைபோட வேண்டாம்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பந்துவீச்சை; அதிலும் அவுட்டுகளை. கிரிக்கெட் தொடரில் ஓர் அணியின் சிறந்த பந்துவீச்சாளர் எல்லா ஆட்டங்களிலும் வீசலாம். பேஸ்பாலில் ஒரு தொடக்கப் பந்துவீச்சாளர் ஓர் ஆட்டத்தில் வீசிவிட்டால், வழக்கமாக நான்கு நாள்களுக்குப் பிறகே மீண்டும் தொடங்க வருவார். ஓர் ஆட்டத்தில் எடுக்க வேண்டிய 27 அவுட்டுகளை (ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று) யார் யார் எடுப்பார்கள் என்று ஆட்டம் ஆட்டமாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்த ஆட்டத்தில் பெயர்கள் போதாமல் போகின்றன என்று தெரிந்துகொள்வதே நல்ல முன்னோட்டத்தின் பாதி வேலை.

டாட்ஜர்ஸும் யாங்கீஸும் மோதிய 2024 தொடர் இதற்குச் சிறந்த பாடம். 98 வெற்றி பெற்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் அப்போது நம்பத்தக்க தொடக்கப் பந்துவீச்சாளர்கள் ஜாக் ஃபிளாஹெர்ட்டி, யோஷினோபு யமமோட்டோ, வாக்கர் புயெலர் ஆகிய மூவர் மட்டுமே. பந்துவீச்சு, பேட்டிங் இரண்டும் செய்யும் ஷோஹெய் ஓட்டானி முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பின் அந்த ஆண்டு முழுவதும் பந்து வீசவில்லை. நான்காவது ஆட்டத்தை மாற்றுப் பந்துவீச்சாளர்களைக் கொண்டே ஓட்ட வேண்டும் என்பது தொடருக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த ஆட்டத்தில் அணி 11-4 என்று தோற்றது. ஆனால் மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் தன் முக்கிய மாற்றுப் பந்துவீச்சாளர்களை அன்று களமிறக்காமல் காத்து வைத்தார். மறுநாள் ஃபிளாஹெர்ட்டி நான்கு அவுட்டுகளை மட்டும் எடுத்துவிட்டு வெளியேறியபோது அந்தச் சேமிப்பே கைகொடுத்தது. பிளேக் டிரைனன் ஒருவரே ஏழு அவுட்டுகளை எடுத்தார். ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்துவைக்க, இரண்டு நாளுக்கு முன்புதான் மூன்றாவது ஆட்டத்தைத் தொடங்கியிருந்த புயெலரே வந்தார். 0-5 என்று பின்தங்கியிருந்த அணி 7-6 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியது.

ஒரே ஒருவர் இந்தக் கணக்கைப் புரட்டிப்போடுவதும் உண்டு. 2014இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் மேடிசன் பம்கார்னர் 21 இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன்னை மட்டுமே விட்டுக்கொடுத்தார். இரண்டே நாள் ஓய்வில் ஏழாவது ஆட்டத்தின் கடைசி ஐந்து இன்னிங்ஸையும் அவரே வீசி முடித்தார். 2025இல் யமமோட்டோ இரண்டாவது ஆட்டத்தை முழுமையாக வீசினார், ஆறாவதில் ஆறு இன்னிங்ஸ் வீசினார், மறுநாளே ஏழாவது ஆட்டத்துக்கும் வந்து எட்டு அவுட்டுகளை எடுத்தார். 18 இன்னிங்ஸ் நீண்ட மூன்றாவது ஆட்டத்தையும் சேர்த்து, அந்தத் தொடரில் டாட்ஜர்ஸ் எடுத்த 219 அவுட்டுகளில் 53 அவருடையவை. இத்தகைய ஆளுமையை யாராலும் முன்கூட்டி உறுதி செய்ய முடியாது. ஆனால் அதற்குத் தகுதியான ஒருவர் எந்த அணியில் இருக்கிறார் என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

மேலாளர்களின் முடிவுகளைக் கணிப்பில் சேர்க்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஒரு பேட்டர் அதே பந்துவீச்சாளரை ஓர் ஆட்டத்தில் மூன்றாவது முறையாகச் சந்திக்கும்போது கூடுதலாக அடிக்கிறார் என்பது பல ஆண்டுத் தரவுகளில் தெரியும் போக்கு. அதனால் சில அணிகள் தொடக்கப் பந்துவீச்சாளரை மிக விரைவாக மாற்றிவிடுகின்றன. 2020இன் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே ரேஸின் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் ஒன்பது பேரை ஸ்டிரைக் அவுட் செய்து (பந்தை ஆட்டத்துக்குள் அடிக்கவிடாமலே வெளியேற்றி), இரண்டே ஹிட்களை (அடித்துவிட்டு ஒரு பேஸையாவது பத்திரமாக அடைவது; பேஸ் என்பது ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய இடம்) அனுமதித்திருந்தார். மேலாளர் கெவின் கேஷ் அவரை வெளியே அழைத்தார். அடுத்து வந்தவரின் பந்தை எதிரணியான டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் இரண்டு பேஸ் தரும் இரட்டை ஹிட்டாக மாற்ற, ஆட்டமும் தொடரும் கைவிட்டுப் போயின. அந்த முடிவு அணியின் வழக்கத்துக்கு மாறானதல்ல. சீசன் முழுக்க அவர்கள் அப்படித்தான் ஆடினார்கள். அப்படிப்பட்ட வழக்கங்களை முன்னோட்டத்தில் எழுதலாம்.

இன்னொரு வகை முடிவு எந்த வழக்கத்துக்கும் உட்படாதது. 2024இன் முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பத்தாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 3-2 என்று முன்னிலை, ஓர் அவுட். செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பின் காயத்தால் வீசாதிருந்த இடக்கை நெஸ்டர் கோர்டெஸை, இடக்கை ஓட்டானியை எதிர்கொள்ள மேலாளர் ஏரன் பூன் அழைத்தார். கோர்டெஸ் வீசிய முதல் பந்தை ஓட்டானி தூக்கி அடிக்க, இடது களத்தில் அலெக்ஸ் வெர்டூகோ அதைப் பிடித்தபடியே தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர் பகுதிக்குள் விழுந்தார். அவர் களத்தை விட்டு வெளியேறியதால் ரன்னர்கள் ஒரு பேஸ் முன்னேறினார்கள். வலக்கை பெட்ஸுக்குப் பந்து வீசாமலே முதல் பேஸைக் கொடுத்து வேண்டுமென்றே நடக்கவிட்டதில் மூன்று பேஸ்களும் நிரம்பின. கணுக்கால் சுளுக்கோடு ஆடிக்கொண்டிருந்த இடக்கை ஃபிரெடி ஃபிரீமனுக்கு கோர்டெஸ் தன் இரண்டாவது பந்தை வீசினார். அது வலது களப் பார்வையாளர்களுக்குள் சென்று விழுந்தது. வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் ஆட்டத்தை முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸ்களும் நிரம்பியிருக்கும்போது பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி நான்கு ரன் எடுக்கும் ஹோம் ரன்) அதுதான். இடக்கைப் பேட்டருக்கு எதிராக இடக்கைப் பந்துவீச்சாளர் என்ற பூனின் தர்க்கம் புத்தகப்படி சரியானதே. அதனால்தான் இத்தகைய தருணங்களை எந்தக் கணக்கிலும் அடக்க முடிவதில்லை.

வெற்றி தோல்விக் கணக்கைவிட ரன் வித்தியாசம் மேலானதா?

ஆம், பெரும்பாலும். ஒரு ரன் வித்தியாசத்தில் முடியும் ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். அடித்த ரன்களின் வர்க்கத்தை, அடித்தவை, விட்டுக்கொடுத்தவை ஆகிய இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அணியின் உண்மையான வலிமைக்கு நெருக்கமான வெற்றி விகிதம் கிடைக்கும். பேஸ்பால் புள்ளியியலாளர் பில் ஜேம்ஸ் தந்த இந்தச் சூத்திரத்தின்படி, 800 ரன் அடித்து 700 விட்டுக்கொடுத்த அணி ஏறக்குறைய 92 ஆட்டங்களை வென்றிருக்க வேண்டும். அது 98 வென்றிருந்தால், அந்த ஆறு வெற்றிகளைக் கொஞ்சம் தயக்கத்தோடு பாருங்கள்.

சீசனில் இரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்கள் எவ்வளவு உதவும்?

மிகக் குறைவாகவே உதவும். 2024 ஜூனில் யாங்கீ ஸ்டேடியத்தில் நடந்த மூன்று ஆட்டங்களில் டாட்ஜர்ஸ் இரண்டை வென்றது. ஆனால் யாங்கீஸின் முக்கியப் பேட்டர் ஹுவான் சோட்டோ காயத்தால் அவற்றில் ஆடவில்லை. அக்டோபரில் அவர் ஆடினார்.

பெரிய பேட்டர் இருக்கும் அணிக்குத்தானே வாய்ப்பு அதிகம்?

சீசன் முழுவதற்கும் அது உண்மை. ஐந்து, ஆறு ஆட்டங்களில் ஒரு பேட்டருக்குக் கிடைப்பது இருபது, இருபத்தைந்து வாய்ப்புகள்தான். அந்த அளவில் யாரும் சறுக்கலாம். 1952இல் புரூக்ளின் டாட்ஜர்ஸின் கில் ஹாட்ஜஸ் 21 முறை அடித்தும் ஒரு ஹிட்கூட எடுக்கவில்லை. 2024 சீசனில் 58 ஹோம் ரன் அடித்த ஏரன் ஜட்ஜ் இறுதித் தொடரில் நான்கு ஹிட்களோடு நின்றார்; ஐந்தாவது ஆட்டத்தில் எளிதான கேட்ச் ஒன்றையும் தவறவிட்டார். அதே தொடரில் நொண்டிக்கொண்டே ஆடிய ஃபிரீமன் முதல் நான்கு ஆட்டங்களிலும் ஹோம் ரன் அடித்து, 12 ரன்களுக்கு வழிவகுத்து, தொடர் நாயகன் ஆனார். ஆகவே தனி நட்சத்திரத்தைவிட, ஒன்பது பேர் கொண்ட வரிசையில் பந்துவீச்சாளர் மூச்சுவிடக்கூடிய இடங்கள் எத்தனை என்று பார்ப்பது பயன் தரும். ஆறாவது முதல் ஒன்பதாவது இடம் வரை ஆடுபவர்களும் பந்துகளைப் பொறுமையாகப் பார்த்து ஆடும் அணி, எதிரணியின் தொடக்கப் பந்துவீச்சாளரை ஐந்தாவது இன்னிங்ஸிலேயே களைப்படைய வைக்கிறது.

நீண்ட ஓய்வு நல்லதா, கெட்டதா?

இரண்டுக்கும் உதாரணம் உண்டு. 2007இல் 22 ஆட்டங்களில் 21ஐ வென்று வந்த கொலராடோ ராக்கீஸ், எட்டு நாள் காத்திருப்புக்குப் பின் பாஸ்டனிடம் நான்கு ஆட்டங்களையும் இழந்தது. 2012இல் யாங்கீஸை விரைவாக முடித்துவிட்டுக் காத்திருந்த டெட்ராய்ட்டுக்கும் அதே கதி. 2025இல் ஒரு வார ஓய்வுக்குப் பின் வந்த டாட்ஜர்ஸ் முதல் ஆட்டத்தை 11-4 என்று டொரான்டோவிடம் இழந்தது, ஆனால் தொடரை வென்றது. ஓய்வு பேட்டர்களின் நேரக் கணிப்பைக் கெடுக்கலாம், பந்துவீச்சாளர்களின் கைகளுக்கு நிச்சயம் நன்மை செய்யும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இதை வைத்து ஓர் அணியின் வாய்ப்பைப் பெரிதாக ஏற்றவோ இறக்கவோ நான் விரும்ப மாட்டேன்.

சொந்த மைதானத்தின் மதிப்பு என்ன?

மேஜர் லீக்கில் சொந்த மைதானத்தில் ஆடும் அணி 100 ஆட்டங்களில் சுமார் 54ஐ வெல்கிறது. தொடர் ஏழு ஆட்டங்கள் நீண்டால்தான் முதல் இரண்டை நடத்தும் அணிக்கு ஒரு கூடுதல் ஆட்டம் கிடைக்கிறது என்பதால், மொத்தத்தில் இது சிறிய ஆதாயமே. 2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸ், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் மோதிய தொடரில் ஏழு ஆட்டங்களையும் வெளியூர் அணியே வென்றது.

தொடர் நடக்கும்போது கணிப்பை எப்படி மாற்றுவது?

இரு அணிகளும் சமம் என்று கொண்டால், முதல் ஆட்டத்தை வென்ற அணியின் வாய்ப்பு 66 சதவீதத்தை நெருங்குகிறது. 2-0 என்றால் 81, 3-1 என்றால் 87.5. ஆனால் இந்த எண்களோடு நிற்காமல், மீதி ஆட்டங்களில் யார் வீசுவார் என்ற தாளை மீண்டும் எடுக்க வேண்டும்.

2016இல் கிளீவ்லாந்து 3-1 என்று முன்னிலை பெற்றபோது கப்ஸின் கதை முடிந்ததாகப் பலர் எழுதினார்கள். ஆனால் கையெலும்பு முறிவால் கார்லோஸ் கராஸ்கோவை இழந்திருந்த கிளீவ்லாந்து, கோரி க்ளூபரை முதல் ஆட்டத்திலும், பிறகு குறைந்த ஓய்வோடு நான்காவது, ஏழாவது ஆட்டங்களிலும் வீசவைக்கும் நிலையில் இருந்தது. கப்ஸுக்கோ ஜான் லெஸ்டர், ஜேக் அரியேட்டா, கைல் ஹெண்ட்ரிக்ஸ் என்று மூன்று முதல்தரப் பந்துவீச்சாளர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். முதல் இரண்டு முறை அசைக்க முடியாதவராக இருந்த க்ளூபர், ஏழாவது ஆட்டத்தில் ஒருவரைக்கூட ஸ்டிரைக் அவுட் செய்ய முடியாமல் நான்கு ரன்களை விட்டுக்கொடுத்தார். களைப்பு மறுபக்கத்தையும் விடவில்லை: ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களில் அதிகம் வீசவைக்கப்பட்ட அரோல்டிஸ் சாப்மனின் பந்தை எட்டாவது இன்னிங்ஸில் ரஜாய் டேவிஸ் ஹோம் ரன்னாக அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். பத்து இன்னிங்ஸ் ஓடிய அந்த ஆட்டத்தை 8-7 என்று வென்று, 1908க்குப் பின் முதன்முறையாகக் கப்ஸ் சாம்பியன் ஆனது. 3-1 நிலையில் கப்ஸுக்குப் பொதுக்கணக்கு சொன்ன 12.5 சதவீதத்தைவிட உண்மையான வாய்ப்பு அதிகம் என்று, பந்துவீச்சு வரிசையைப் பார்த்தவர்கள் அப்போதே சொல்லியிருக்க முடியும்.

பந்தய நிறுவனங்களின் விகிதங்கள் நம்பகமானவையா?

பணம் கட்டச் சொல்லவில்லை. தகவலாக மட்டும் பார்க்கலாம். 100 டாலர் வெல்ல 150 டாலர் கட்ட வேண்டும் என்றால், அந்த அணிக்கு 60 சதவீத வாய்ப்பு கொடுக்கிறார்கள் என்று பொருள். இரு அணிகளின் சதவீதத்தையும் கூட்டினால் 100ஐத் தாண்டும். கூடுதலாக இருப்பது நிறுவனத்தின் லாபம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பெரும்பாலான நிபுணர் கட்டுரைகளைவிட நிதானமான மதிப்பீடு கிடைக்கும்.

மொத்த ரன்களில் முந்திய அணி தொடரைத் தோற்க முடியுமா?

முடியும், நடந்திருக்கிறது. 1960இல் யாங்கீஸ் 16-3, 10-0, 12-0 என்று மூன்று ஆட்டங்களை வென்று, மொத்தம் 55 ரன்கள் குவித்தது. 27 ரன்கள் மட்டுமே எடுத்த பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் பில் மஸெரோஸ்கி அடித்த ஹோம் ரன்னால் 10-9 என்று வென்று சாம்பியன் ஆனது. 2025இல் டொரான்டோ புளூ ஜேஸ் 34 ரன், டாட்ஜர்ஸ் 26 ரன், கோப்பை டாட்ஜர்ஸுக்கு. அந்த ஏழாவது ஆட்டத்தில் டொரான்டோ 4-3 என்று முன்னிலையில் இருக்க, வெற்றிக்கு இரண்டே அவுட்டுகள் மீதமிருந்தன. ஹோம் ரன்னுக்குப் பேர்போகாத மிகேல் ரோஹாஸ் பந்தை இடது களத்துக்கு மேலே அனுப்பிச் சமன் செய்தார். சற்று நேரத்தில் டொரான்டோவுக்கு மூன்று பேஸ்களும் நிரம்பிய நிலையில், தரையில் உருண்டு வந்த பந்தை அதே ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து, ரன் எடுக்க இறுதியாகத் தொட வேண்டிய ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். வெற்றி ரன்னுக்காக ஓடிவந்தவர் மயிரிழையில் அவுட் ஆனார். பதினோராவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் வில் ஸ்மித் அடித்த ஹோம் ரன் 5-4 என்ற முன்னிலையைத் தர, அதே கணக்கில் தொடர் முடிந்தது. டொரான்டோ வெல்லும் என்று முன்பே எழுதியவர் தவறாகக் கணித்தார் என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் ஒருவரின் கணிப்பு நல்லதா என்று எப்படி அறிவது?

ஒரு தொடரை வைத்து அறிய முடியாது. பிளே ஆஃப் சுற்றின் ஒவ்வொரு தொடருக்கும் முன்பே உங்கள் சதவீதத்தையும் அதற்கான காரணங்களையும் தேதியோடு எழுதி வையுங்கள். சில ஆண்டுகள் சென்றபின், நீங்கள் 60 சதவீதம் என்று எழுதிய தொடர்களை மட்டும் தனியாக எடுத்து எண்ணுங்கள். அவற்றில் பத்துக்கு ஆறு என்ற அளவில் உங்கள் அணி வென்றிருந்தால் கணிப்பு சரியாகவே இருக்கிறது. பத்துக்கு ஒன்பது வென்றிருந்தால் நீங்கள் தேவைக்கு அதிகமாகத் தயங்கியிருக்கிறீர்கள், ஐந்துதான் என்றால் தேவைக்கு அதிகமாக நம்பியிருக்கிறீர்கள். எழுதி வைத்த காரணங்களையும் கூடவே படித்துப் பாருங்கள். காயம், பந்துவீச்சு வரிசை, மாற்றுப் பந்துவீச்சாளர்களின் களைப்பு ஆகியவற்றில் எதை நீங்கள் திரும்பத் திரும்பக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்பது அங்கே தெரியும். அடுத்த அக்டோபரில் முதலில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.